பெருக்குவதற்கு முன்

பிப்ரவரி 9, ஞாயிறு

அய்யனார் கோயில் காட்டில் நாவல் இலை உதிர்கிறது. பச்சை நேரே பழுப்பாவதில்லை. நடுவில் ஒரு சிவப்பு வருகிறது, தேய்க்காத செம்புச் சொம்பின் நிறத்தில். போனைத் தரையோடு ஒட்டி வைத்து எடுத்தேன். இடுப்பில் என் குழந்தை அருள்மொழி. ஒரு சருகை வாயில் போட்டுக்கொண்டாள் — விரல் விட்டு எடுத்தேன். அதில் எறும்பு, பூச்சி இருந்திருந்தால்? ஆனால் படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிப்ரவரி 12

பாண்டியில் நடக்கும் கண்காட்சிக்குப் பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது தயார். பத்தாவதில் தரை முழுக்கச் சிவப்பாக இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் உதிரட்டும்.

செல்வகுமாரி அண்ணி — என் கணவரின் அக்கா — எட்டிப் பார்த்தார். “இன்னாடி, ஊரே பெருக்கிக் கொட்டுற குப்பைய நீ போட்டோ புடிக்கிற?” சொல்லிவிட்டு ஒன்பதையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

பிப்ரவரி 16

தரை நிறைந்துவிட்டது. நாளைக் காலை திருவிழாவுக்காகக் காட்டுச் சருகைப் பெருக்கிக் கொளுத்தப் போகிறார்கள். இன்றைக்கென்று எனக்கு மாதவிலக்கு.

அந்த நாட்களில் இங்கே எந்தப் பெண்ணும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. எம்.எஸ்சி. படிச்சவதானே, போயேன்டி என்று என்னையே கேட்டேன். போகலை. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சின்னா — அந்த நினைப்பு போதும், கால் நகராது.

நான் அழுததைப் பார்த்து அண்ணி தன் போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வீட்டிலிருந்தே வீடியோ காலில் கத்தினேன்.

“அண்ணி, உங்க நிழல் விழுது! தள்ளி நில்லுங்க. குனிங்க — இன்னும்.”

“இன்னும் குனிஞ்சா படுக்கத்தான்டி வேணும். கொசு தின்னுது இங்க.”

படம் வந்தது. நான் சொன்ன இடம் இல்லை. ஒரு வேரிடுக்கு, ஈரச் சிவப்பு, அதன்மேல் நரம்பு மட்டும் மிஞ்சிய பழைய சருகு ஒன்று. நான் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பேனா?

மார்ச் 8

பத்தும் சுவரில் ஏறிவிட்டன. பத்தாவதற்குக் கீழே அண்ணி பெயர். “என் பேர ஏன்டி போட்ட?” என்று திட்டிவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

மார்ச் 16

இலுப்பை இலை உதிர ஆரம்பித்திருக்கிறது. எனக்கு மறுபடி அதே நாள். “அண்ணி, ஒரு நடை போயிட்டு வர்றீங்களா?” என்றேன்.

அவர் அருள்மொழியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“போன மாசம் உனக்காவப் போனேன் பாரு, அன்னிக்கி எனக்கும் ரெண்டாம் நாளுடி. யாருக்கு இன்னா ஆச்சி? நீயே போ.”

“அண்ணி!” என்றேன். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு. ஒன்றும் புரியாமல் அருள்மொழியும் சிரித்தாள்.

காட்டோரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சருகு காலடியில் நொறுங்கியது. குனிந்தேன்.