இரண்டு தட்டியிலும் நம் வீட்டு முகம்

அடி அண்ணாமலை,
ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த வியாழக்கிழமை.

அன்பு மகள் இனியாவுக்கு,

அப்பா எழுதுவது. மலையான் தயவில் நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். உன் உடம்பு அந்தக் குளிருக்குப் பழகிவிட்டதா, தலைக்குக் குளித்துவிட்டு ஈர முடியோடு ஆஸ்பத்திரி டூட்டிக்கு ஓடாமல் இருக்கிறாயா, அதை முதலில் எழுது. கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், நீ கேட்டதோ அவளுக்குத் தெரியாமல் என்னிடம் மட்டும் கேட்டது. அதுவுமில்லாமல் எனக்கு வாயால் சொல்ல வரவில்லை, இரண்டு தடவை ஆரம்பித்து இரண்டு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெள்ளைக்கார அம்மா, நம் கடைக்கு இஞ்சி டீ குடிக்க வருவாரே, அவர் சனிக்கிழமை நீ இருக்கிற அந்தச் சீமைக்குத்தான் கிளம்புகிறார். அங்கே இறங்கியதும் தபாலில் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இங்கே நடந்ததை எழுதாமல் அந்தப் பதில் வராது, பொறுமையாகப் படி. உன் மாமா சக்கரபாணியின் கவர்மெண்ட் பஸ் டிப்போவில் ஸ்ட்ரைக் என்று புரட்டாசியிலேயே பேச்சு அடிபட்டது. சம்பள ஒப்பந்தம் பேச வேண்டிய காலம் தாண்டிப்போய்விட்டதாம், ரிட்டயரான கண்டக்டர், டிரைவர்களுக்குப் பஞ்சப்படி நிற்கிறதாம். சரி, கேட்கட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் பௌர்ணமி அன்றைக்குத்தான் பஸ்ஸை நிறுத்துவோம் என்றால் என்ன நியாயம்? மாதம் முழுக்க நாம் ஈ ஓட்டுவது அந்த ஒரு ராத்திரிக்காக. பஸ் வந்தால்தான் ஜனம், ஜனம் வந்தால்தான் நம் அடுப்பு. நான் அவனிடம் நேராகவே கேட்டேன். அதற்கு அவன், இன்னா மாமா, கூட்டம் இல்லாத நாள்ல நிறுத்துனா எவன் திரும்பிப் பாப்பான், நீங்ககூட ஜாஸ்தி கூட்டம் வர்ற நாள்ல தானே டீ வெலைய ஏத்துறீங்க என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. உட்கார்ந்த இடத்துக்குச் சம்பளம் வருகிறவன், மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் ஒன்றாம் தேதி தப்பாதவன், அடுப்பங்கரையில் வேகிறவனைப் பார்த்துப் பேசுகிற பேச்சா இது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் நம் கடைப்பக்கம் டீக்கு வரவில்லை.

உனக்குத் தெரியும், நான் கவர்மெண்ட் ஆட்களை எப்போதும் இப்படித்தான் பேசுவேன். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு எத்தனை தடவை இழுத்தடித்தார்கள், அந்த எரிச்சல் எனக்கு ஆறவே ஆறாது. பேப்பரில் பஞ்சப்படி உயர்வு என்று போட்டால் அன்றைக்குக் கடையில் அதுதான் பேச்சு, நமக்கு யார் ஏத்திக் குடுக்கிறா என்று நான்தான் ஆரம்பிப்பேன். ஆனால் உனக்கு வரன் பார்க்கச் சொன்னபோது தரகரிடம் கவர்மெண்ட் மாப்பிள்ளையா இருந்தா கொண்டா, இல்லன்னா வேணாம் என்று சொன்னதும் நான்தான். உன்னை நர்சுக்குப் படிக்க வைத்ததே நம் பெரிய ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக ஒரு வேலை கிடைக்கும் என்ற ஆசையில்தான். ஒப்பந்த நர்ஸ் என்று எடுத்து, இன்றைக்கு நிரந்தரம் நாளைக்கு நிரந்தரம் என்று உன்னை உட்கார வைத்தார்களே, அப்போது நீயும் மற்ற பெண்களும் சென்னையில் போய் உட்கார்ந்து கத்திவிட்டு, தொண்டை கட்டி வந்தாய். அப்போது நான் கவர்மெண்டைத் திட்டினேன். இப்போது கவர்மெண்ட் ஆட்களைத் திட்டுகிறேன். திட்டுவது நான்தான், யாரைத் திட்டுகிறேன் என்பதுதான் எனக்கே பிடிபடவில்லை.

பிறகு நம் கிரிவலப் பாதைக் கடைக்காரர்கள் சங்கத்தில் பேசி, ஸ்ட்ரைக்கைக் கண்டித்து ஒரு பிளக்ஸ் தட்டி வைப்பது என்று முடிவானது. துணைத் தலைவர் என்பதால் என் போட்டோ வேண்டும் என்றார்கள். என் முகம் ஒழுங்காக விழுந்த படம், நீ பிளைட் ஏறின அன்று ஏர்போர்ட்டில் எடுத்தது ஒன்றுதான், அதைக் கொடுத்தேன். பிளக்ஸ் அடிக்கிறவன் உன்னை வெட்டிவிட்டான், ஆனால் என் தோளில் இருந்த உன் கையை வெட்ட முடியவில்லை போலிருக்கிறது. பக்தர்களை வதைக்காதே, பௌர்ணமியில் பஸ்ஸை நிறுத்தாதே என்று எழுதி, கீழே நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், என் தோளில் வளையல் போட்ட ஒரு கை. போகிற வருகிறவன் எல்லாம் யார் கை வேணு இது என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் நீ குடும்ப குரூப்பில் அந்தப் போட்டோவைப் போட்டாய், ஆஸ்பத்திரி வாசலில் குளிரில் நர்ஸ்களோடு நின்று சம்பளம் உயர்த்தச் சொல்லி அட்டை பிடித்திருந்தாயே, அது. உன் அம்மா பார்த்துவிட்டு பொண்ணு எளைச்சிட்டா என்றாள், அவளுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. உன் மாமா என்ன செய்தான் தெரியுமா, மறுநாளே அதைப் பெரிதாக அடித்து, சீமையிலும் போராடும் நம்ம ஊர் வீராங்கனை என்று பட்டம் கொடுத்து, ஸ்ட்ரைக் பந்தல் வாசலில் கட்டிவிட்டான். தாய்மாமன் இல்லையா, காது குத்துக்குத் தட்டு வைத்தவனுக்குப் பிளக்ஸ் வைக்கவும் உரிமை இருக்கிறதாம். ஊரில் இந்தப் பக்கம் ஸ்ட்ரைக் கூடாது என்று அப்பன், அந்தப் பக்கம் ஸ்ட்ரைக் வேண்டும் என்று மகள். பால் ஊற்றுகிறவன்கூட என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு போனான். உன் அம்மாவோ, இவ நின்னா உரிமை, என் தம்பி நின்னா கொழுப்பா, மாமியார் உடைச்சா மண்குடம் மருமவ உடைச்சா பொன்குடமா என்று கேட்டுவிட்டு அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

அன்று சாயங்காலம்தான் நீ தனியாகப் போன் செய்து அழுதாய். அப்பா, நான் ஸ்ட்ரைக்லயே இல்லப்பா, டூட்டி முடிச்சி வெளிய வந்தேன், கூட வேலை செய்றவங்க குளிர்ல நிக்கிறாங்களேனு டீ வாங்கிக் குடுத்தேன், ஒருத்தி கையுறை மாட்டிக்க அட்டைய என் கையில குடுத்தா, அந்த ஒரு நிமிஷத்துல எடுத்தது அது, மறுநாளும் நான் உள்ளதான் போனேன் என்றாய். சட்டப்படி விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள், ஆனாலும் பயமாக இருக்கிறது என்றாய். உள்ளே நோயாளிகள் நல்லா இரும்மா என்றார்களாம், வெளியே கூட வேலை செய்கிறவர்கள் முகம் பார்க்கவில்லையாம். மாமா வீராங்கனைன்னு போட்டுட்டாரு, எனக்குக் கூசுதுப்பா, கார்த்திகையில மறுபடி நிக்கப் போறாங்க, நான் அவங்களோட நிக்கவா உள்ள போவவா, நீயே சொல்லுப்பா என்றாய். சொல்கிறேன் என்று வைத்தேன். அன்றிலிருந்து வடை ஒரு நாள் கருகுகிறது, மறுநாள் வேகாமல் போகிறது.

இதில் அந்த வெள்ளைக்கார அம்மா வேறு. அவருடைய அக்காவுக்கு அங்கே முழங்கால் ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போகிறதாம், நர்சுங்க ரோட்டுல நிக்கிறாங்க, அக்கா வலியில அழுறா என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, சும்மாவா கேக்கறாங்க, ராவு பகல் நின்னு கால் வீங்குது, ஆளு கம்மி வேலை ஜாஸ்தி, நிக்காம என்ன பண்ணுவாங்க என்று கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் தெரிந்தது, அது என் பேச்சே இல்லை, அன்றைய சண்டையில் சக்கரபாணி கண்டக்டர்களுக்காக என்னிடம் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை. ஆனால் அந்த அக்கா அழுவதும் பொய் இல்லையே இனியா. தங்கை மாதிரி ஊரைச் சுற்ற வந்தவள் இல்லை, முட்டி வலியில் படுத்திருக்கிறவள். அன்று அந்த வெள்ளைக்கார அம்மாவின் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன், வேண்டுமென்றே மறந்தேன் என்கிறாள் உன் அம்மா.

பௌர்ணமி அன்று பஸ் ஓடவில்லை. ரயிலிலும் வேனிலும் வந்த கூட்டம்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து நம் கடையில் உட்காருவார்களே, அவர்கள் ஒருவரும் இல்லை. அரைத்த மாவு அப்படியே இருந்தது. சாயங்காலம் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு நானும் கிரிவலம் கிளம்பிவிட்டேன். குபேர லிங்கத்தில் கற்பூரம் ஏற்றி, இந்த ஸ்ட்ரைக் நாளைக்கே பிசுபிசுத்துப் போகணும் சாமி என்று கும்பிட்டேன். ஈசானிய லிங்கத்துக்கு வந்து கற்பூரம் ஏற்றினபோது உன் முகம் வந்துவிட்டது, என் பொண்ணு ஆஸ்பத்திரியில கேக்கறத குடுத்துடணும் சாமி, ஸ்ட்ரைக் ஜெயிக்கணும் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரே ஆள், ஒரே சுற்று, இரண்டு கற்பூரம். சாமிக்கே தலை சுற்றியிருக்கும்.

ஈசானியம் தாண்டிப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தால், ஸ்ட்ரைக் பந்தலில் உன் அம்மா. மாவு வீணாகக் கூடாது என்று அத்தனையையும் இட்லியாக ஊற்றி, ஆட்டோவில் அண்டாவோடு கொண்டுவந்து, நான் யாருக்கு எதிராகப் பிளக்ஸ் வைத்தேனோ அவர்களுக்கே பரிமாறிக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண் மண் தெரியவில்லை. நேராக உள்ளே போனேன். உன் படத்தைக் கிழிக்க வேண்டும், சக்கரபாணி, உன் வீராங்கனை ஸ்ட்ரைக் அன்னைக்கு வேலைக்குப் போனவடா, கேட்டுக்கோ என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லியிருந்தால் அவன் வாய் அன்றோடு அடைபட்டிருக்கும், ஜெயிப்பது நான்தான். ஆனால் நான் கிரிவலத்துக்காகச் செருப்பில்லாமல் வந்திருந்தேனா, அவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு டிரைவர் எழுந்து, செருப்ப வெளிய வுட்டுட்டு வந்திருக்காருப்பா, இனியா அப்பா, உக்காருங்கய்யா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். சக்கரபாணி ஒரு தட்டில் நம் கடை இட்லியையே வைத்து என்னிடம் நீட்டினான். எங்கே நான் தட்டிவிடுவேனோ என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் உன் படம், அத்தனை பெரிதாக உன்னை நான் பார்த்ததே இல்லை. அட்டையை நீ ஒரு நிமிஷம்தான் பிடித்தாய் என்பது அந்தப் பந்தலில் எனக்கு மட்டும்தான் தெரியும், அதை இன்னமும் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவர் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். அடுத்த நாள் சங்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், நீ யார் பக்கம்யா என்று. இட்லி சாப்பிட உக்காந்தேன் என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

இரண்டு நாளில் பேச்சுவார்த்தை முடிந்து பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது. கேட்டதில் கொஞ்சம் தருகிறோம், மீதியைப் பார்க்கலாம் என்றார்களாம். ஜெயித்துவிட்டோம் என்று டிப்போவில் பட்டாசு வெடித்தார்கள், ஜெயித்துவிட்டோம் என்று நம் சங்கத்தில் லட்டு கொடுத்தார்கள். நான் பட்டாசுச் சத்தம் கேட்டுக்கொண்டே லட்டு தின்றேன். நேற்று சக்கரபாணி டீக்கு வந்தான். காசு வாங்க மாட்டேன் என்றேன், டீ கொஞ்சம் தண்ணியாத்தான் கீது மாமா என்று சொல்லிக் காசை வைத்துவிட்டே போனான்.

மழை பிடித்துக்கொண்டது, கடைக் கூரை அடுப்புக்கு மேலே ஒழுகுகிறது. உன் அம்மா இரண்டு பிளக்சையும் கேட்டு வாங்கி வந்து, ஒன்றோடு ஒன்று தைத்து, எழுத்தும் படமும் கீழே பார்த்தபடி இருக்கக் கூரையில் கட்டிவிட்டாள். டீ ஆற்றும்போது நிமிர்ந்தால் நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் நீ அட்டையோடு நிற்கிறாய். என் தோளில் இருக்கிற கை யாருடையது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. ஒழுகலும் நின்றிருக்கிறது.

இனியா, நில் என்று சொன்னால் உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நிற்காதே என்று சொன்னால் அந்தப் பந்தலில் எனக்கு நாற்காலி போட்டவர் முகம் வருகிறது. படுக்கையில் அழுகிற அந்த அக்காவும் வருகிறார். எது சரி என்று எனக்குத் தெரிந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பேன் தாயே. நீ ஒரு நிமிஷம் பிடித்தாய், நான் ஒரு தட்டு இட்லி நேரம் உட்கார்ந்தேன், அதற்கே இப்படி இருக்கிறது. நீ என்ன செய்தாலும் உன்னைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன், வேறு யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

தீபத்தன்று இங்கே மலையில் ஏற்றும்போது உனக்கு மத்தியானமாக இருக்கும், எங்கே இருந்தாலும் இந்தப் பக்கம் பார்த்து ஒரு நிமிஷம் கும்பிட்டுக்கொள். அண்ணாமலையான் உன்னை நோய் நொடி அண்டாமல், மனம் கலங்காமல் காப்பாற்றட்டும், நீ தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வெளியே நிற்பதானால் கையுறை போட்டுக்கொண்டு நில். உள்ளே போவதானால், நிற்கிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போ.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அப்பா வேணு