சிங்கம் குழிந்த ஒரு நயா பைசாவை வெட்டாமல் திருப்பித் தரும்படி

அனுப்புநர்:
கோ. தையல்நாயகி,
மல்லாட்டை (வேர்க்கடலை) கடை,
பஸ் நிற்கும் இடம், கூட்டேரிப்பட்டு.

பெறுநர்:
கருவூல அதிகாரி அவர்கள்,
திண்டிவனம்.

பொருள்: கள்ளக் காசு என்று தங்களிடம் சேர்ந்த என் ஒரு நயா பைசா குறித்து.

மதிப்புக்குரிய ஐயா,

1. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், சங்கதி நேராக இருக்கும்.

2. திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் திண்டிவனம் வர பஸ் ஏறினார். நான் தனியாக டப்பாவில் வைத்திருந்த காசையும் சில்லறையோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார். அதில் ஒரு பக்கம் வழக்கமான சிங்கம். எண் இருக்க வேண்டிய மறுபக்கத்தில் அதே சிங்கம், குழியாக, இடம் வலம் மாறி. கண்டக்டர், "இன்னா பெரியவரே, வூட்லயே காசு அடிச்சிக்கினு இருக்கீங்களா?" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தி, அதைப் பிடுங்கித் தங்கள் ஆபீசில் ஒப்படைத்துவிட்டார். வீட்டுக்காரர் வேறு காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வாய் என்னிடம் மட்டும்தான் வேலை செய்யும்.

3. ஐயா, ஒரு நயா பைசாவைப் போய் எவனாவது கள்ளத்தனமாக அடிப்பானா? உருக்குகிற கரிச் செலவுக்கே கட்டாது. அடிப்பதென்றால் நான் முழு ரூபாயாக அடித்திருக்க மாட்டேனா?

4. சனிக்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து என் கடைக்கு வரும் சவுரிராயன் என்பவர் பழங்காசு சேர்ப்பவர். முன்பு அடித்த காசு மிஷினிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தகடு அதன்மேல் அடிபட்டு இப்படிக் குழியும் என்று அவர்தான் சொன்னார். வெளியில் நசுங்கியதற்கும் கீறியதற்கும் மதிப்பில்லையாம். அடிக்கும்போதே தவறியதற்குத்தான் மதிப்பாம். பத்து ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மழைக்கு முன் கடைக்குக் கீற்றுப் போட அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

5. அவர் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. தட்டார் தராசில் வேறொரு நயா பைசாவோடு வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. அகலமும் அதே. குழிந்த பக்கத்தைப் பிசைந்த கேப்பை மாவில் அழுத்தினேன். சிங்கம் எழுத்தோடு நேராக எழுந்து நின்றது. தாங்களும் அழுத்திப் பார்க்கலாம். மாவு நான் கொண்டுவருகிறேன்.

6. ஒரு தப்பு மட்டும் என்னுடையது. போன பொங்கலுக்கு, படம் ஓரமாக ஒதுங்கி விழுந்த ஒரு காசு கிடைத்தது. வாங்க வருகிறவருக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கி வைத்தேன். சவுரிராயன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐந்து ரூபாய்க்குப் போக வேண்டிய காசு எட்டணாவுக்குப் போயிற்று. அதனால்தான் இதைத் தொடாமல் அழுக்காகவே வைத்திருந்தேன். அந்த அழுக்கைப் பார்த்துத்தான் கண்டக்டருக்குச் சந்தேகம்.

7. கள்ளக் காசுகளை வெள்ளிக்கிழமை வெட்டுவார்கள் என்று தங்கள் ஆபீஸ் வாசலில் சொன்னார்கள். சனிக்கிழமை சவுரிராயன் வருகிறார். ஆகவே வெட்டுவதற்கு முன் தாங்களே ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். கள்ளக் காசுதான் என்றால் என் கண் முன்னாலேயே வெட்டுங்கள், பேச மாட்டேன். நல்லது என்றால் அந்தக் கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்; பஸ்ஸில், எல்லோரும் கேட்கும்படி.

8. தங்கள் ஆபீசில் யாராவது கைசுத்தக்காரர் இருந்தால், தயவுசெய்து அவர் கையில் மட்டும் கொடுத்துவிட வேண்டாம். துலக்கிவிடுவார். அழுக்கோடு வேண்டும், ஐயா.

கூட்டேரிப்பட்டு,
13-9-1961

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் கடை வாசலிலேயே காத்திருக்கும்
கோ. தையல்நாயகி