ஓட்டும் வீடா, இழுக்கும் வீடா

மார்ச் 3, ஞாயிறு

காலையில் டோஸ்டுக்கு வெண்ணெய் தடவும்போதே டங்கன் ஆரம்பித்துவிட்டான். ஓட்டும் வீடா, இழுக்கும் வீடா? அவனுக்கு மோட்டார்ஹோம்தான் வேண்டும். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள். சாவியைத் திருப்பினால் வீடே கிளம்பிவிடும். எனக்குக் கேரவன். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போய், ஒரு வயலில் நிறுத்தி, காரைத் தனியாகக் கழற்றிவிடலாம்.

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்பதைக்கூட நாங்கள் இவ்வளவு நாள் பேசவில்லை.

டங்கன் பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறான். கோடையில் ஆறு வாரம் விடுமுறை. நான் புத்தகங்களின் கடைசியில் வரும் சொல்லடைவைத் தயாரிப்பவள். மேசை இருந்தால் எங்கும் வேலை நடக்கும். ஆகவே இனி ஒவ்வொரு கோடையும் ஆறு வாரம் ஊர் ஊராகப் போவது என்று முடிவு. அதில் எனக்கும் சம்மதம்தான்.

"ஏன் கேரவன்தான் வேணுங்கிற?" என்றான்.

"விலை கம்மி."

பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 9, சனி

கண்காட்சி. விமானம் நிறுத்துகிற அளவுக் கொட்டகையில் வரிசை வரிசையாக வீடுகள். காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு ஏறி இறங்கினோம், ஏறி இறங்கினோம். எல்லா மனைவிகளும் கட்டிலில் படுத்துப் பார்த்தார்கள். எல்லாக் கணவர்களும் டயரை உதைத்துப் பார்த்தார்கள். எதற்கு உதைக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு மோட்டார்ஹோமில் விற்பனையாள் பெருமையாகச் சொன்னான்: "உக்காந்த இடத்துலயே எல்லாம் கைக்கு எட்டும் மேடம்!"

எட்டுகிறதே. டங்கன் உட்பட.

மார்ச் 12, செவ்வாய்

டங்கனின் அப்பா ரேமண்ட் தொலைபேசியில். முப்பத்தைந்து வருடமாகக் கேரவன் இழுப்பவர். நாங்கள் மோட்டார்ஹோம் பார்த்தோம் என்பது அவர் காதுக்குப் போய்விட்டது.

"கண்ணு, ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன்தான் மோட்டார்ஹோம் வாங்குவான். எம் பையனையும் சேத்துத்தான் சொல்றேன்."

பின்னாலிருந்து மாமியார் பெரில்: "இவருக்கு மட்டும் தெரியுமாக்கும்! வேல்ஸ்ல ஒரு வேலியவே புடுங்கிட்டு வந்தாரு, கேளு!"

பிறகு மூக்கு எடை. கேரவனின் மூக்கு காரின் கொக்கியில் எவ்வளவு அழுத்தலாம், எதை எங்கே அடுக்கினால் மூக்கு தாழும், எதை நகர்த்தினால் நிமிரும். அரை நாள் போயிற்று. என் வேலையில் 'நீராவி' என்ற சொல்லோடு நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 13, சனி

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம் என்று ஒரு மோட்டார்ஹோம். டேல்ஸ் மலைப் பக்கம் ஒரு முகாம் வயலில் வந்து நிறுத்தியிருக்கிறோம்.

மோட்டார்ஹோம் ஓட்டுகிறவர்கள் சாலையில் ஒருவருக்கொருவர் கை அசைக்க வேண்டுமாம். எழுதாத சட்டம். எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளைப் பெட்டிக்கும் டங்கன் கை அசைத்தான். அவர்களும் அசைத்தார்கள். அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"நீயும் கை காட்டேன்."

"யாருன்னே தெரியாதே."

"அதுக்குத்தான் கை காட்டுறது, ரோவினா!"

ஸ்கிப்டன் தாண்டியதும் நானும் அசைத்தேன். அது ரொட்டிக் கடை வேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கோபம் இன்னும் ஆறவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பால் இல்லை. பால் இல்லாமல் தேநீர் குடிக்கிற ஆள் இந்த மாவட்டத்தில் பிறக்கவில்லை. கடை இரண்டு மைல். கேரவனாக இருந்தால் காரை எடுத்துப் போய் வந்திருப்பான். இங்கேயோ வீடே போக வேண்டும். மின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினோம். கோப்பைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். கூரை ஜன்னலை இறக்கினோம். சக்கரத்துக்கு அடியிலிருந்த மரக்கட்டைகளை எடுத்தோம். படியை உள்ளே தள்ளினோம். நான் இன்னும் இரவு உடையில், மேலே மழைச்சட்டை. இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் சந்து மாதிரிச் சாலை, எதிரே டிராக்டர். ரிவர்ஸிலேயே போனோம், ஒரு பண்ணை வாசல் வரை. டிராக்டர்க்காரர் கை அசைக்கவில்லை.

பாலோடு திரும்பினால் எங்கள் இடத்தில் ஒரு கேரவன். வயதான தம்பதி. கெட்டில் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருக்கிறது.

"இது எங்க இடங்க," என்றான் டங்கன்.

"காலியால்ல கெடந்துச்சு."

"பால் வாங்கப் போயிருந்தோம்!"

பெரியவருக்கு உண்மையிலேயே பாவமாகப் போயிற்று. "அடையாளத்துக்கு ஒரு வாளியாவது வெச்சுட்டுப் போயிருக்கணும் தம்பி. நாற்காலியாவது. மோட்டார்ஹோம்காரங்க எல்லாரும் மொத வாட்டி இதத்தான் செய்வாங்க."

மிச்சமிருந்தது கீழ்க்கோடி மட்டும். சேறு. பின் சக்கரம் புதைந்தது. இழுக்க வந்தது அதே டிராக்டர்.

"வீட்டையே எடுத்துட்டுப் போனா, அங்க வீடு இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று டங்கன் டிராக்டர்க்காரரிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு இதுவும் சந்தோஷம்! நாளைக்குப் பள்ளியில் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்டது.

மதியம் முழுக்க மழை. வரைபடத்திலிருந்து ஊர்ப் பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டே இருந்தான். நான் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுந்து போகலாம் என்றால் எங்கே போவது? கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தேன். அவன் கதவு வழியாகப் பேசினான்.

ஜன்னலில் ஒரு செம்மறியாடு தெரிந்தது. மழையில் தனியாக நின்றுகொண்டிருந்தது. கொடுத்துவைத்த ஆடு.

ஏப்ரல் 16, செவ்வாய்

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். இன்று டங்கன்: "பால் பவுடர் வாங்கி வெச்சுட்டா போச்சு."

மே 4, சனி

நியாயமாக நடக்க வேண்டுமாம். அதற்கும் ஒரு வாரக்கடைசி, இதற்கும் ஒன்று. ரேமண்டின் கேரவனை இரவல் வாங்கி ஃபைலி பக்கம் கடலோரம் வந்தோம்.

பின்னால் எடுப்பது எப்படி என்று ரேமண்ட் புறப்படும்போது மூன்று தடவை சொன்னார். கேரவன் இடது பக்கம் போகவேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலது பக்கம் திருப்ப வேண்டும். டங்கனுக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை. மனைவி பின்னால் நின்று கை காட்ட வேண்டும் என்பது ஊர் வழக்கம். நின்றேன்.

"இடது! இடது!"

"என் இடதா, உன் இடதா?"

"கேரவனோட இடது!"

"கேரவனுக்கு ஏதுடி இடது?"

இரண்டு பக்கமும் ஆட்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கையில் தேநீரோடு, பார்த்தார்கள். சும்மா சொல்லவில்லை, ஒரு அம்மாள் பிஸ்கட் டப்பாவைச் சுற்றுக்கு விட்டாள். கேரவன் எல் எழுத்து மாதிரி மடிந்து நின்றது. அவன் இறங்கினான். நான் ஏறினேன். இன்னும் நன்றாக மடிந்தது. கடைசியில் வேடிக்கை பார்த்தவர்களே கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, கொக்கியைக் கழற்றி, "ஹே... தள்ளு!" என்று கையாலேயே தள்ளி நிறுத்தினார்கள். பிறகு எல்லாரும் பெயர் சொன்னார்கள். எல்லாரிடமும் நான் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

டங்கன் பிஸ்கட் அம்மாளோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

மே 5, ஞாயிறு

ரொட்டி வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்தேன்.

கார் எவ்வளவு லேசாக ஓடியது! பின்னால் ஒன்றும் இல்லை. கடையைத் தாண்டினேன். தாண்டுகிறேன் என்று தெரிந்தேதான். கடலைப் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன். பிறகு படிக்கவும் இல்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, யாருக்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு மாதமாக எதற்குச் சண்டை போடுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

திரும்பியபோது மதியச் சாப்பாட்டு நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. டங்கன் வெளியே உட்கார்ந்திருந்தான். இரண்டு தட்டு வைத்திருந்தான்.

"ரொட்டி எங்க?"

மறந்துவிட்டேன்.

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பேசுகிற ஆள், ஒன்றும் கேட்கவில்லை.

மே 6, திங்கள்

வீடு. வழியெல்லாம் நெரிசல். வண்டிக்குள் சத்தமே இல்லை. நான் ஆசைப்பட்ட மௌனம் இது இல்லை.

மே 9, வியாழன்

இன்று வெடித்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், முதுகைக் காட்டியபடி சொன்னான்.

"நீ கேரவன் கேக்கல. என்னை விட்டுட்டுப் போறதுக்கு ஒரு கார் கேக்குற."

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"ஒரு தடவ நெனச்சுப் பாரேன், ரோவினா. கல்யாணமாகி ரெண்டு வருஷம். லீவுக்கு எங்க போலாம்னு நான் யோசிக்கிறேன். எப்படித் தப்பிக்கலாம்னு நீ யோசிக்கிற."

தப்பிக்க இல்லை. தப்பிப்பது வேறு. ஆனால் என்ன வேறு? எழுதிப் பார்த்தாலும் வரவில்லை. அவன்மேல் எரிச்சல் என்றால் சொல்லிவிடலாம். எரிச்சல் இல்லையே. அவன் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. அவன் இருக்கிற அறையில் எனக்கு ஒரு வரி ஓடாது. இதை எப்படி ஒரு மனுஷனிடம் சொல்வது, அவன் புண்படாமல்? சொல்லாமல் விட்டதால் மட்டும் புண்படவில்லையா?

மே 10, வெள்ளி

"சரி, மோட்டார்ஹோமே வாங்கிக்கலாம்," என்றேன்.

"தியாகமெல்லாம் வேணாம்," என்றான்.

என்னதான் செய்வது!

மே 12, ஞாயிறு

சொல்லிவிட்டேன். சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்தில், பைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது. அழகாகச் சொல்ல யோசித்து வைத்ததெல்லாம் போச்சு.

"எனக்கு தெனமும் கொஞ்ச நேரம் யாரும் வேணாம் டங்கன். அதுல நீயும் வேணாம். அப்புறம் நீ வேணும். ரொம்ப வேணும். ஆனா அந்தக் கொஞ்ச நேரம் கிடைக்கலேன்னா நான் நல்லவளா இருக்க மாட்டேன். ஆறு வாரம் அப்படி இருந்தா நீயே என்னை எங்கயாவது எறக்கி விட்டுடுவ."

அவன் முட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்துக் கார்க்காரர் நாங்கள் நகர்வோமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதச் சொல்றதுக்கு உனக்கு ஒரு டன் எடையில வண்டி தேவப்பட்டுச்சா?"

சிரித்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. முட்டையைக் கீழே போடவில்லை. அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 8, சனி

கேரவன் வாங்கிவிட்டோம். ஒருவர் ஓட்டிப் பழகிய, இல்லை, இழுத்துப் பழகிய கேரவன். உள்ளே யாரோ ஒருவருடைய நாயின் வாசம்.

டங்கன் வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரிடம், "இவதான் தேர்ந்தெடுத்தா," என்றான். பாராட்டா புகாரா என்று அவருக்கும் புரிந்திருக்காது.

ஜூலை 20, சனி

நாளை புறப்பாடு. ரேமண்ட் வந்து என் புத்தகங்களை ஆள் எடை பார்க்கும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார். "கண்ணு, இத மூக்குப் பக்கம் வெச்சா கார் முட்டி போட்டுடும். சக்கர அச்சுக்கு நேர் மேல வை." அச்சுக்கு மேலே டங்கன் தன் பூட்ஸை அடுக்கியிருந்தான். எடுக்கச் சொன்னேன். அவன் என் அகராதியை எடுக்கச் சொன்னான். பெரில் இரண்டையும் எடுத்துவிட்டு அங்கே ஜாம் பாட்டில்களை வைத்தாள்.

ஜூலை 27, சனி

ஸ்காட்லாந்து, காலோவே கடற்கரை. புல்வெளி, கீழே பாறை, கடல். மூன்றே தடவையில் பின்னால் எடுத்து நிறுத்தினோம். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தவர்கள் ஏமாந்துபோனார்கள்.

ஜூலை 29, திங்கள்

காரை நான் எடுத்துக்கொள்ளவே இல்லை! டங்கன் எடுத்துக்கொண்டான். பாறைகளைப் பார்க்க வேண்டுமாம். இந்தக் கரையில் அவன் பாடப் புத்தகத்தில் இருக்கிற மடிப்புகள் எல்லாம் நிஜமாகவே இருக்கின்றனவாம். காலையில் போனான், தேநீர் நேரத்துக்கு வந்தான். எனக்கு வீடு முழுவதும். கதவைத் திறந்து வைத்து, கடலைப் பார்த்தபடி, இரண்டு அத்தியாயங்களுக்குச் சொல்லடைவு முடித்தேன். இதைவிட நல்ல நாள் எனக்கு நினைவில் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

இன்றும் அவனே. இன்றும் நல்ல நாள். மதியத்துக்கு மேல் கொஞ்சம் நீளம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

காலையிலிருந்து தூறல். டங்கன் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டான். பத்து மணிக்கு என் வேலை முடிந்துவிட்டது. புத்தகத்தை எடுத்தேன். வைத்தேன். கடைக்குப் போகலாம் என்றால் கார் இல்லை. யாரிடமாவது பேசலாம் என்று தோன்றியது. எனக்கு! பக்கத்துக் கேரவன்காரியிடம் போய், "இங்க மழை எப்பவும் இப்படித்தானா?" என்று நானாகவே கேட்டேன். அவள் முழங்கால் வலி பற்றி வெகுநேரம் சொன்னாள். முழுவதும் கேட்டேன்.

கேட் பக்கம் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பியது. யார் யாரோ வந்தார்கள்.

டங்கன் வந்தபோது முழுக்க நனைந்திருந்தான். பேசவில்லை. துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, தட்டில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை. எங்கே போனாய், என்ன பார்த்தாய், யாரோடு பேசினாய் — எல்லாம் என் நாக்கு நுனியில். அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

"நாளைக்கு நானும் வரேன்," என்றேன்.

அவன் யோசித்தான். யோசித்தான்!

"நாளைக்கா..." என்றான், எனக்கு வலிக்கக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து. "நாளைக்கு வேணாமே ரோவினா. நாளன்னைக்குப் போவோமா?"

நாளன்னைக்காம்.