அயினி மரத்தடியில் எரியாமல் போன பிளக்ஸ்

மேட்டுவிளை, பாறசாலை
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது

அன்புள்ள மகன் சானுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் ஒருமாதிரி சுகமாக இருக்கிறோம், என் வலது முட்டு மட்டும் இந்தக் கிருபையில் சேரவில்லை. காட்டாக்கடையில் உன் அக்கா ஷிஜாவும் பிள்ளைகளும் நலம். நீயும் அந்த டென்மார்க் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க ஜெபிக்கிறேன். தினமும் போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது மக்கா. கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட்டுப் போனாலும் மீதி அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து வாசிக்கலாம். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் மறந்திருந்தால் எழுத்துக்கூட்டி வாசி.

உன்னைப் பத்திரிகையில் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் பெரிய ஹோட்டலில் முதலீட்டாளர் மாநாடு, அமைச்சர் நடுவில் நின்று ஒப்பந்தத்தைத் தூக்கிப் பிடிக்கிறார், இரண்டு பக்கமும் கோட்டு போட்டவர்கள், இடது ஓரத்தில் என் மகன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். நம் வீட்டுக்கு மேலே குன்றின் உச்சியில் இருக்கிறாளே விமலகுமாரி, அவள்தான் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினாள். பாவம், சந்தோஷமாகத்தான் கொண்டுவந்தாள். சானு வந்தானா அக்கா, சொல்லவே இல்லியே என்று கேட்டாள். நான் என்ன சொல்வேன். ஆமா, சாயங்காலம் வந்துட்டு உடனே போயிட்டான் என்றேன். என்ன குடுத்திய என்று அடுத்த கேள்வி. மரச்சீனிக் கிழங்கும் நெத்திலி அவியலும் குடுத்தேன், பொழியூர் நெத்திலி, ரெண்டு தடவ வாங்கித் தின்னான் என்று சொன்னேன். ஆராதனையில் பாட்டுப் பாடுகிற வாயால் இவ்வளவு சரளமாகப் பொய் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாநாடு நடந்த அன்றைக்கும் நீ வழக்கம்போல் போன் செய்தாய், ஞாபகம் இருக்கிறதா. அங்க சூடு எப்படி உண்டும்மா என்று கேட்டாய். நானும் பைத்தியக்காரி மாதிரி மீன மாதத்து வெயிலைப் பற்றி நீட்டி முழக்கிச் சொன்னேன், நீயும் ம் ம் என்று கேட்டுக்கொண்டாய். அந்த ஏ.சி. ஹாலின் கதவைத் திறந்து வெளியே ஒரு கால் வைத்திருந்தால் என்னைக் கேட்காமலே உனக்குத் தெரிந்திருக்கும். பாசஞ்சர் வண்டியில் ஏறினால் பாறசாலைக்கு ஒரு மணி நேரம்தான். அன்றைக்கே திரும்பிப் போகிற விமானம் என்று காரணம் சொல்வாய். சொல்லிக்கொள், அதைக் கேட்கவும் எனக்குக் காது இருக்கிறது.

உன் கம்பெனி வடக்கே ஏதோ ஓர் அணையில் தண்ணீர்ப் பரப்பின் மேல் சோலார் மிதக்க விடப் போகிறதாம், எத்தனையோ கோடியாம். நல்லது, நாடு செழிக்கட்டும். தண்ணீரின் மேல் சோலார் வைக்க ஆட்கள் உலகம் சுற்றி வருகிறீர்கள், சோலார் வைத்துக் குன்றின் மேல் தண்ணீர் ஏற்றுவதற்கு மட்டும் அரசாங்கத்தின் கையில் பணம் இல்லை. நம் மேட்டுவிளை பம்புக்குக் கரண்டு பில் கட்டப் பஞ்சாயத்தால் முடியாமல், சோலார் வைத்தால் பில்லே வராது என்று திட்டம் போட்டார்கள் அல்லவா. பந்தல், மைக், பொன்னாடை எல்லாம் வந்தது. இரும்புச் சட்டங்கள் வந்து நட்டார்கள். அப்புறம் சர்க்கார் செலவைக் குறைக்கிறது என்று உத்தரவு வந்தது, பேனல் வரவில்லை. இப்போது அந்தச் சட்டத்தில் யாரோ பாகல் கொடியை ஏற்றி விட்டிருக்கிறார்கள், அது நன்றாகக் காய்க்கிறது, இதுவரை அந்தத் திட்டத்தால் குன்றுக்குக் கிடைத்தது அந்தப் பாகற்காய்தான். பழைய மோட்டாரைக் காலையில் கொஞ்ச நேரம் ஓட்டுகிறார்கள், தண்ணீர் நம் வீடு வரை மூச்சு வாங்கி வரும், விமலகுமாரி வீட்டுக்கு ஏறாது. அவள் படுக்கையில் கிடக்கிற மாமியாரைக் குளிப்பாட்ட நம் வீட்டிலிருந்து குடம் குடமாகச் சுமக்கிறாள். ஆளுங்கட்சி மெம்பரிடம் கேட்டேன். வெட்டினது இல்ல மாமி, தள்ளி வச்சதாக்கும் என்றார். அப்படியானால் என் முட்டுவலியையும் கொஞ்சம் தள்ளி வைக்க உங்கள் ஆபீசில் வழி உண்டா தம்பி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பைக்கை ஸ்டார்ட் செய்தார். செலவைக் குறைக்க வேண்டும் என்றால் நீ நின்ற அந்த மேடையின் பூ அலங்காரத்தைக் குறைத்திருக்கலாம், படத்தில் பார்த்தேன், ஒரு கல்யாணத்துக்கு ஆகும்.

எதிர்க்கட்சி விடுமா. அவர்கள் ஆண்டபோது பாதியில் நிறுத்திய ஆழ்துளைக் கிணறு இன்றும் மூடி போட்டபடி நம் சர்ச் பக்கத்தில் கிடக்கிறது, அதன் மேல் உட்கார்ந்துதான் இந்தச் செலவு வெட்டைக் கண்டித்துக் கூட்டம் போட்டார்கள். மண்டலத் தலைவர் சதாசிவன் பேசினார், வார்டு செயலாளரான உன் அப்பா நன்றி சொன்னார். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, ஷிஜா பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தச் செயலாளர் பதவி, பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில்கூட டிக்கெட்டோடு கட்சி நோட்டீசும் கொடுத்தவர். அந்தப் பதவியை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன். ஆனால் இது தண்ணீர் விஷயம் என்பதால் இந்த முறை போராட்டத்துக்கு நானும் போனேன், விமலகுமாரியும் வந்தாள், பெண்கள் எல்லாம் காலிக் குடத்தோடு நிற்க வேண்டும் என்று ஏற்பாடு.

போராட்டம் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் என்றுதான் நோட்டீசில் போட்டிருந்தது. அங்கே நிழல் இல்லை என்று சதாசிவனுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. அதனால் தமிழ்நாட்டு எல்லையில் நிற்கிற அயினி மரத்தடிக்கு மாற்றினார், அங்கே நிழலும் உண்டு, டீக்கடையும் உண்டு. அந்த மரம் எல்லைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. பாலுக்கும் மீனுக்கும் தினமும் அந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகிற நமக்கு எல்லை என்ற நினைப்பு ஏது. கேரள சர்க்காரை எதிர்த்து இவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டு நிழலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள், நானும் குடத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அப்புறம்தான் பிளக்ஸை விரித்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே. சூரியனை விற்ற சர்க்கார் என்று மலையாளத்தில் பெரிதாக எழுதி, கீழே பத்திரிகையில் வந்த அதே படம். சதாசிவன் நெய்யாற்றின்கரையில் கொடுத்து அடித்திருக்கிறார். அவருக்குக் கோட்டு போட்டவன் எல்லாம் ஒரே முகம், நீ யார் என்று அவர் பார்க்கவில்லை. உன் அப்பாவுக்கோ அந்தப் படமே தெரியாது, அவர் கண்ணில் படக்கூடாது என்று பேப்பரை நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். விரித்ததும் என் கையிலிருந்த குடம் கீழே விழுந்தது. பிளாஸ்டிக் குடம், அதற்கு ஒரு சத்தம்கூட வரவில்லை. செயலாளர்தான் கொளுத்த வேண்டும் என்று மண்ணெண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியை அப்பா கையில் கொடுத்தார்கள். குச்சியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது அமைச்சரை இல்லை, இடது ஓரத்தை. கொளுத்துங்க அண்ணா, என்னத்தப் பாத்துட்டு நிக்கிய என்று சதாசிவன் கத்துகிறார். தீப்பெட்டி நனஞ்சு போச்சு என்றார் அப்பா. குடிக்கத் தண்ணீர் இல்லை என்று குன்றே திரண்டு நிற்கிற இடத்தில், மீன மாத மத்தியானத்தில், உன் அப்பாவின் தீப்பெட்டி நனைந்து போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அதற்குள் தமிழ்நாட்டுப் போலீஸ் ஜீப் வந்தது. எஸ்.ஐ. இறங்கி, பிளக்ஸைப் பார்த்துவிட்டு, ஒங்க மந்திரிய ஒங்க ஊருல போய் எரிங்க, இங்க எரிக்க ஆரு அனுமதி தந்தா என்றார். அப்போதுதான் எல்லாருக்கும் மரம் எங்கே நிற்கிறது என்பது ஞாபகம் வந்தது. முதலில் எல்லையைத் தாண்டியவர் சதாசிவன்தான், தாண்டின பிறகு கேரளத்தில் நின்று திரும்பவும் கோஷம் போட்டார். அப்பா மட்டும் பிளக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். விமலகுமாரி என் குடத்தை எடுத்துக் கையில் தந்தாள்.

சாயங்காலத்துக்குள் அது யார் முகம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. சதாசிவன் வீட்டுக்கு வந்தார். அப்பன் சர்க்காருக்கு எதிரா சமரம் செய்ய, மகன் அமைச்சரோடு கை கொடுக்க, இது கட்சிக்கு நாணக்கேடு என்றார், வேறு பிளக்ஸ் அடித்துத் தருவதாகவும் அதை அப்பா கையாலேயே கொளுத்த வேண்டும், இல்லாவிட்டால் பதவி கிடையாது என்றும் சொன்னார். அப்பா உள்ளே போய்க் கட்சி ஆபீஸ் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்க மகனுக்க மூஞ்சியில தீ வைக்க எனக்கு ஆவாது, அவ்வளவுதான் சொன்னார். இத்தனை வருஷம் நான் கேலி செய்த பதவி போனதற்கு எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. இப்போது சாயங்காலம் ஆனால் எங்கே போவது என்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ வராமல் போனதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிளக்ஸை முற்றத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டார், பய மெலிஞ்சு போனான் இல்லியா என்று.

இதை வாசித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். குன்றுக்கு நானே சோலார் வைத்துத் தருகிறேன் என்று கிளம்புவாய். வேண்டாம். நீ வைத்தால், வெட்டினாலும் வேலை நடக்கிறது பார் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் ஒரு பிளக்ஸ் வைப்பார்கள், எங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் ஒன்று வைப்பார்கள். பஞ்சாயத்து தர வேண்டியதைப் பஞ்சாயத்து தரட்டும். நாளைக்கு நானும் விமலகுமாரியும் மற்றப் பெண்களும் குடத்தோடு ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறோம், சதாசிவனும் வேண்டாம், நிழலும் வேண்டாம். உன் அப்பாவும் குடை கொண்டு வாறேன் என்றிருக்கிறார், கட்சிக்காரராக இல்லை, என் முட்டுக்காக.

அந்தப் பிளக்ஸை அப்பா இப்போது கொல்லையில் விறகின் மேல் போர்த்தி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒரு வேனல் மழை பெய்தது, ஓடிப்போய்ப் பார்த்தேன். அமைச்சரும் கோட்டுக்காரர்களும் மேலே நனைந்துகொண்டு கிடந்தார்கள். இடது ஓரத்தை மட்டும் அப்பா உள்ளே மடித்துச் செருகி வைத்திருக்கிறார், உன் முகத்தில் ஒரு சொட்டு படவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, வரவைக் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துக்கொள்ளட்டும். ராத்திரி தலை துவட்டாமல் படுக்காதே. இனி திருவனந்தபுரத்தில் கை கொடுக்க வந்தால் கோட்டை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வண்டி ஏறு. அப்பாவிடம் மன்னிப்பு கேட்டுக்கொண்டு நிற்காதே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு, போதும். விமலகுமாரி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி இன்னும் கொஞ்சம் நெத்திலி வை அம்மா என்று இரண்டாம் தடவை சத்தமாகக் கேள். நான் சொன்ன பொய்யை நீதான் வந்து மெய்யாக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும் அம்மா,
ராஜபாய் ஜெயதாஸ்