கூரையில் சிரிக்கும் மேயர்

அன்புத் தங்கை பெலிசிங்,

மாதா கிருபையால் நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். உன் மூட்டுவலி எப்படி?

தேர்தலில் இந்தக் கால்வாய்க்கரை முழுவதையும் புது மேயர் பக்கம் திருப்பியது நான்தான். பட்டா தருவார் என்று நான் பேசிய பேச்சில், பழைய மேயரின் ஆளான நார்தோவே அழுதபடி கட்சி மாறினான். ஜெயித்தவர் முதல் வேலையாக எங்கள் குடிசைகளை இடித்தார். கவலைப்படாதே, நல்ல காற்றோட்டம். அவருடைய தேர்தல் பேனர்தான் இப்போது என் கூரை.

"யோவ் சென்சியோ, உன்னை நம்பித்தானே ஓட்டுப் போட்டோம்! அந்தாளு மூஞ்சிக்குக் கீழேயே படுத்துக் கெட!" என்றான் நார்தோ. இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடுவதில்லை.

நம் ஊரிலிருந்து கப்பலில் இங்கே வருபவர்களிடம் கருவாடும் ஒரு போர்வையும் கொடுத்தனுப்பு. மழை பிடித்துவிட்டது. மேயரின் வாயிலிருந்து கடிதத்தின்மேல் சொட்டுகிறது. முடிக்கிறேன்.

உன் சென்சியோ