கரகரப்பு எத்தனை சதவீதம்?

மார்ச் 4, புதன்

ஒலிப்புத்தக நிறுவனத்துக்கு அனுப்பிய மாதிரிப் பதிவு இன்றும் திரும்பி வந்துவிட்டது. "குரல் நல்லாருக்கு, ஆனா சத்தம் உடையுது. அடுத்த புதனுக்குள்ள சுத்தமா அனுப்புங்க" என்கிறார் ஒலிப்பதிவாளர். குரல் என்னுடையது, உடைப்பது அத்தான் கொடுத்த பெட்டி. மைக்கைக் கணினியோடு இணைக்கும் அந்த யூ.எஸ்.பி பெட்டியை, "எனக்கெதுக்கு, நீயே வச்சுக்கோ" என்று அவர் தூக்கிக் கொடுத்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

மார்ச் 5

அக்காவிடம் சொல்லியே விட்டேன். "உன் புருஷன் ஓட்டை உடைசலை என் தலையில கட்டிட்டாரு." போனை வைத்துவிட்டாள். நான் சொன்னதில் என்ன தப்பு?

மார்ச் 6

அக்கா போனை எடுக்கவில்லை.

மார்ச் 7

ஆதாரத்தோடு பேசுவதென்று முடிவு. சத்தம் எவ்வளவு சிதைகிறது என்று அளக்கும் மென்பொருளை இறக்கினேன். பெட்டியிலிருந்து சத்தம் வெளியே வரும் துளையில் ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையை உள்ளே போகும் துளையில் செருக வேண்டும். மென்பொருள் ஒரே சீரான ஓசையை அனுப்பும். திரும்பி வருவதில் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும். பெட்டியே பாடி, பெட்டியே கேட்டு, பெட்டியே மாட்டிக்கொள்ளும்.

எட்டு சதவீதம்! நல்ல பெட்டியில் அரைக்கால் சதவீதம்கூட வராதாம். துள்ளிக் குதித்தேன். திரையைப் படம் பிடித்து அக்காவுக்கும் ஒலிப்பதிவாளருக்கும் அனுப்பினேன். அக்கா பார்த்துவிட்டாள், பதில் இல்லை. சந்தோஷம் அரை மணி நேரம்தான் நின்றது. இவளோடு பேசாமல் நான் எப்போது இரண்டு நாள் இருந்திருக்கிறேன்?

மார்ச் 8, ஞாயிறு

ஒலிப்பதிவாளர் போன் செய்தார்.

"சத்தத்தைக் கூட்டுற குமிழ் எங்க நிக்குது மேடம்?"

"கடைசி வரைக்கும் திருகி வச்சிருக்கேன்."

"பக்கத்துல சிவப்பு விளக்கு எரியுதா?"

"எரியுதே. எரிஞ்சாத்தானே பதிவாகுதுன்னு அர்த்தம்?"

"இல்ல மேடம். 'தாங்க முடியல, குறை'ன்னு அது கத்துது."

குமிழைப் பாதிக்குக் குறைத்தேன். விளக்கு பச்சையானது. மறுபடி அளந்தேன்: 0.004 சதவீதம். மூன்று தடவை அளந்தும் அதேதான்.

ஐயோ. பெட்டி சொக்கத் தங்கம். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் — அந்தப் பழமொழிக்குப் பக்கத்தில் என் போட்டோவைப் போடலாம்.

மார்ச் 9

நாலு முறை எழுதி அழித்து, கடைசியில் அக்காவுக்கு அனுப்பியது: "தப்பு என்னுது. பெட்டி சுத்தம். அத்தான்கிட்ட சொல்லிடு." மாதிரியையும் புதிதாகப் பதிந்து அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

மாதிரி தேறிவிட்டது! அதைவிடப் பெரிய செய்தி, அக்காவும் அத்தானும் வந்தார்கள். காலில் விழாத குறையாக அத்தானிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடும்மா" என்றவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே நல்லாத்தான் இருக்கா?"

"0.004, அத்தான்."

"என் கீபோர்டை மாட்டினா கரகரன்னுச்சே. அதான் உனக்கு..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அக்கா மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

"சிவப்பு விளக்கு எரிஞ்சுதா அத்தான்?" என்று கேட்டேன்.

"பளிச்சுனு எரிஞ்சுதே! ரெகார்டு ஆகுதுன்னு எவ்வளவு சந்தோஷமா வாசிச்சேன்!"

"உங்களுக்காக இவகிட்ட ஆறு நாள் பேசாம இருந்தேனே" என்று அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இப்போது அத்தானோடுதான் பேச்சில்லை. அதுவும் ஆறு நாளைக்காம்.