நாயுமில்லை, புலியுமில்லை

என் அருமை மச்சான் கணபதிக்கு,

முதலில் செய்தி. நம் பந்தயத்தில் இரண்டு பேருமே தோற்றுவிட்டோம். நம் பழைய புத்தகத்துப் படத்தில் தங்க வட்டத்துக்குள் நின்றுகொண்டு இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறதே அந்த மிருகம், அது நீ சொன்ன நாயும் இல்லை, நான் சொன்ன புலியும் இல்லை. ஓநாய். நல்லவேளை, உனக்குத் தமிழ் அரைகுறை. இல்லாவிட்டால் ஓநாயிலும் நாய் இருக்கிறது என்று வாதாடி என்னிடம் செண்டோல் வாங்கிக் குடித்திருப்பாய்.

உனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் உனக்கே கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. எனக்கு மனசு திறந்து எழுத வருவது இதில் மட்டும்தான். அங்கே தமிழ் படித்தவர் யாராவது இருப்பார். உன் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல். நீ பேசிய மலாயையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். உன் சிரிப்பை மட்டும் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராய்ப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். புக்கிட் பாருவில் ஒரு துரை வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டு, தங்கைக்குத் தையல் மெஷின் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிப் போனவன் நீ. தள்ளுவண்டியில் வந்து இறங்கியது ஒரு பெட்டி பழைய புத்தகம். தேவி மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையான நான் நடுவில் மாட்டிக்கொண்டு, 'உப்பு வேணுமாம்', 'தண்ணி வேணுமாம்' என்று இருவருக்கும் தூது போனேன்.

பெட்டியில் மேலே இருந்ததெல்லாம் குதிரைப் பந்தயப் புத்தகங்கள், பாதி கரையான் தின்றவை. அடியில், ஒரு துண்டில் சுற்றி, மெல்லிய மரப்பலகை அட்டை போட்ட அந்தப் புத்தகம். அச்சு இல்லை, கையெழுத்து. கறுப்பெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஓரமெல்லாம் நீலக் கொடியும் சிவப்புப் பூவும், நடுவில் கவசம் போட்ட ராஜாக்கள், எரிகிற ஊர், படகுகள். எல்லாவற்றிலும் தங்கம், பக்கத்தைச் சாய்த்தால் மின்னியது. நான் அச்சகத்தில் இருபது வருடம் புத்தகம் தைத்தவன், அப்படி ஒன்றைத் தொட்டதில்லை.

நீ என்ன செய்தாய்? பக்கத்தைத் தடவினாய். விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனாய். பிறகு முதல் பக்கத்தில் பெரிதாகத் தங்கத்தில் இருந்த நாலு எழுத்தைக் கூட்டிப் படித்தாய். R, O, M, A.

"புலு ரோமா!" என்று கத்திவிட்டு, தாளில் எங்கெங்கோ விரல் வைத்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாய்.

உடம்பில் முளைக்கிற முடிக்கு மலாயில் புலு ரோமா. தமிழிலும் உரோமம் என்றால் முடிதான். ஆனால் நான் படித்தவன் இல்லையா? "டேய், அது முடி இல்லடா. ஊரு. உரோமாபுரி. சீமையில பழைய ராஜாங்க ஆண்ட ஊரு" என்று உனக்குப் பாடம் எடுத்தேன். நீ என்னைப் பார்த்தாய், மறுபடி சிரித்தாய். "சரி லா, ஊருன்னா ஊருதான்" என்று விட்டுவிட்டாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு அதே வேலை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்துப் புத்தகத்தை நடுவில் வைப்போம். எழுத்து புரியாது, படத்தை வைத்து ஆளுக்கொரு கதை கட்டுவோம். பனிமலைமேல் ஏறுகிற அந்த யானைப் படத்தைப் பார்த்து நீ அடித்த கூத்து! நம் ஊர்ப் பெயர் காஜா பெராங் என்றால் மலாயில் சினம்கொண்ட யானை. பெயரிலேயே யானை உள்ள ஊரில் பிறந்தவனிடம் போய் அப்படி ஒரு யானையைக் காட்டலாமா? குதிரைக்கால், பன்றிக்காது, நாகசுரம் மாதிரி ஒரு மூக்கு. "இத வரஞ்சவன் வாழ்க்கையில யானையப் பாத்ததில்ல. யாரோ சொல்லிக் கேட்டு வரஞ்சிருக்கான். பாவம்" என்றாய். அவன் மேல் உனக்கு ஏன் அவ்வளவு பாசம் வந்தது? அவனுக்காக ஒரு நாள் உன் ரெபானா மேளத்தை எடுத்து மடியில் வைத்துத் தட்டிப் பாட்டுக்கூடப் பாடினாய்.

மச்சான், நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாய், பத்து நாளில் எல்லாம் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பாயை விரித்துவிட்டு, யாருக்கு விரித்தேன் என்று நின்றேன். சுதந்திரம் வந்ததை நீ பார்க்கவில்லை. பட்டணமே கொடி கட்டி நின்ற அன்றைக்குத் தேவி ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

இப்போது நான் சொல்லவந்த விஷயம். பொங்கலுக்கு முதல் நாள் தலைமுறை தலைமுறையாய் மலாய் பேசும் உங்கள் சிட்டி இனத்து வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போட்டுப் படைக்கிற பார்ச்சுவில், தேவி உனக்கென்று ஓர் இலை போடுகிறாள். உனக்குப் பிடித்த மீன் பிண்டாங் குழம்பு, தேங்காய்ச் சோறு. இலைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம். அட்டையில் சந்தனப் பொட்டு வைத்து, கண்ணில் ஒற்றி வைப்பாள். "சாமி ரூம்ல வைக்கலாமே" என்று ஒருமுறை கேட்டேன். "இது சாமிக்கு இல்ல, அபாங்குக்கு" என்றாள். அபாங் என்றால் அண்ணன், அவளுக்கு நீ ஒருவன்தான். உன் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்த பிறகு, உன் போட்டோ ஒன்றுகூட இல்லாத வீட்டில் அவளுக்கு அந்தப் புத்தகம்தான் நீ.

போன மழைக்காலத்தில் புத்தகம் ஈரம் ஏறி அலையலையாய் நெளிந்துவிட்டது. காலை வெயிலில் பின்வாசலில் வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். வெளிச்சம் ஊடுருவியது. பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசை வரிசையாக. திருப்பினால் மறுபக்கம் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. சந்தையில் இறகு பிடுங்கித் தொங்கவிட்ட கோழியின் முதுகு போலப் புள்ளிகள். எந்தத் தாளிலும் அப்படி இருக்காது. இது தோலோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. ரப்பர்த் தோட்டத்துக் கோயில் பூசாரியின் மகன், முட்டை வைத்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவன். அச்சகத்தில் தோல் முதுகு போடும் வேலை வந்தால் அடுத்த மேசை ஆ செங்கிடம் தள்ளிவிட்டு, நான் துணியும் மயில்துத்தம் கலந்த மாவுப் பசையுமாய் ஒதுங்கிக்கொள்வேன். எனக்கு அந்தச் சந்தேகம் வந்தால் எப்படித் தூக்கம் வரும்?

புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு உஜோங் பாசிருக்குப் போனேன். அங்கே சேவியர் அங்கிள் என்று ஒருவர், போர்த்துகீசியக் குடும்பம். மாதா கோயிலில் நாற்பது வருடம் லத்தீனில் பாட்டுப் பாடியவர், சின்ன வயதில் பாதிரியார் ஆகப் படிக்கப் போய்ப் பாதியில் ஓடிவந்தவர். வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். கையை இரண்டு தரம் கழுவித் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொட்டார்.

நம் மிருகத்தின் அடியில் இருந்த எழுத்தில் விரல் வைத்து மெல்லக் கூட்டினார். "லூபா" என்றார்.

லூபா என்றால் நம் ஊரில் மறந்துபோச்சு என்றுதானே அர்த்தம். "பரவாயில்ல அங்கிள், மெதுவா ஞாபகப்படுத்திப் பாருங்க" என்றேன்.

"நான் மறக்கல தம்பி! லத்தீன்ல லூபான்னா பொண்ணு ஓநாய்!"

அவர் சிரித்த சிரிப்பில் கரையில் இருந்த பூனை எழுந்து போய்விட்டது. ஆற்றில் விடப்பட்ட இரண்டு பிள்ளைகளை ஓர் ஓநாய் பால் கொடுத்து வளர்த்ததாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் கட்டிய ஊர்தான் உரோமாபுரியாம். இன்னொன்று கேள். உன் அடையாள அட்டையில் உன் பெயர் இருந்ததே ரூமி எழுத்தில், மலாயை எழுதும் ஏ, பி, சி எழுத்தில், அந்த ரூமி என்ற பெயரே உரோமாபுரியிலிருந்து வந்ததாம். வாழ்நாளெல்லாம் அவர்கள் எழுத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கதை தெரியாமல் போய்விட்டாயே?

கடைசியில்தான் எனக்கு வாய் வந்தது. "அங்கிள், இது என்ன தாள்?"

"தாளா? இது கன்னுக்குட்டித் தோலு. அந்தக் காலத்துல சீமையில பெரிய புத்தகமெல்லாம் இதுலதான் எழுதுவாங்க. முடி இருந்த பக்கம் இது, சதைப் பக்கம் அது."

கடலில் இறங்கிக் கை கழுவினேன். கழுவி என்ன? ஞாயிறு தவறாமல் விரலை எச்சில் தொட்டு எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டியவன் நான். வாயை எங்கே கழுவுவது?

என் வாய் கிடக்கட்டும், தேவி என்ன ஆவாள்? பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. வெந்தயத்தோடும் புளியோடும் உன் இலைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டிலும் மாட்டைத் தொடமாட்டீர்கள். உண்மையைச் சொன்னால், அண்ணனிடமிருந்து அவளுக்கு மிஞ்சிய ஒரே பொருளும் போய்விடும். சொல்லாவிட்டால், கன்றுத் தோலுக்கு அவள் சந்தனம் வைப்பதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கரையான் அரித்துவிட்டது என்று பொய் சொல்லலாமா? அதே அளவில் ஒரு தாள் புத்தகம் தைத்து அந்த அட்டைக்குள் வைத்துவிடலாமா? அதைக்கூட யோசித்தேன் மச்சான், அளவும் எடுத்துவிட்டேன். அளவுகோலைப் பிடித்த கை கூசியது, வைத்துவிட்டேன்.

பார்ச்சு அன்று காலை அவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றே சொன்னேன்.

"தேவி, ஒன்னு சொல்லணும். அபாங் புத்தகம் இருக்கே, அது தாள் இல்ல."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"தோலு. கன்னுக்குட்டியா இருக்கும்னு அபாங் சொன்னாரு." கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வாங்கியாந்த அன்னைக்கே அவருக்குத் தெரியும். ரெபானா தட்டுற ஆளுக்குத் தோலு தெரியாதா? தட்டிப் பாத்தாரே, நீங்க பாக்கலியா?"

வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தேன். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னாரே! மொதல் நாளே சொன்னாரு. புலு ரோமா, புலு ரோமான்னு புள்ளி புள்ளியா காட்டித்தானே சிரிச்சாரு? நீங்கதான் ஊரு பேருன்னு பாடம் எடுத்தீங்க." பிறகு குரல் இறங்கியது. "நானும் கேட்டேன், அவருக்கு வெளக்கிச் சொல்லுங்கன்னு. வேணாம்னுட்டாரு. 'புரிஞ்சா தொடமாட்டான். அப்புறம் ஞாயித்துக்கெழம எங்கூட யாரு ஒக்காருவா?'ன்னாரு."

வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் எதன் மேல் பழி போடுவது? முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. என்னை எச்சில் தொட்டுப் புரட்டவைத்து வேடிக்கை பார்த்தாயே பாவி என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகை வந்துவிட்டது. ரெபானா குழுவில் இருபது பேர், தெருவெல்லாம் சொந்தக்காரர்கள் உள்ளவன் நீ. உனக்கா உட்கார ஆள் இல்லை? என்னை ஏன் மச்சான் அவ்வளவு வேண்டியிருந்தது உனக்கு?

"இலைக்குப் பக்கத்துல வைக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரிஞ்சே அவரு கொண்டாந்தது. எனக்கு ஒன்னும் இல்ல" என்றாள். "நீங்கதான் எடுத்தாந்து வைக்கணும். முடியுமா உங்களால?"

அலமாரிக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ. சோறு வெந்து, பிண்டாங் கொதித்து, அவள் இலையே போட்டுவிட்டாள். அப்பாவை நினைத்துக்கொண்டேன், அவர் கும்பிட்ட சாமியையும் நினைத்துக்கொண்டேன். பிறகு எடுத்தேன் மச்சான். துணியைப் பிரித்து, வெறுங்கையால். உன் இலைக்குப் பக்கத்தில் வைத்து, ஓநாய்ப் பக்கத்தைத் திறந்தேன். விரலில் எச்சில் தொடவில்லை, அது ஒன்றை மட்டும் மன்னித்துவிடு.

நீ செய்த மாதிரியே இரண்டு தட்டுத் தட்டி, காதைக் கொண்டுபோனேன். மழை விட்டு வெயிலில் காய்ந்திருந்த தோல். மெல்லச் சத்தம் கொடுத்தது. தேவி என்னைப் பார்த்தாள். "கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது.

சேவியர் அங்கிளிடம் பேசிவிட்டேன். மாதத்துக்கு ஒரு பக்கம் படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அடுத்தது அந்தப் பாவப்பட்ட யானை. அது எந்த ராஜாவின் யானை, பனிமலைமேல் எதற்கு ஏறியது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு பார்ச்சுவிலும் உன் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்வேன். நாம் கட்டிய கதைகளில் நீ ஜெயித்த இடங்களையும் ஒளிக்காமல் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைப் பாயையும் இனி மறுபடி விரிப்பேன். நம் ஊர் லூபா எனக்கு வராது, சத்தியம்.

முதல் நாளே நீ சொன்னதை, நீ போய் ஒன்றரை வருடம் கழித்துப் புரிந்துகொண்ட,
உன் தங்கையின் புருஷன்,
உன் மச்சான்
முத்தையா
காஜா பெராங், மலாக்கா